ஒழுகுற கார்ட்ரிட்ஜ்: ஓட்டையை அடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்



ஹாஸ்டல்லயோ ரூம்லயோ ஒரு இங்க்ஜெட் பிரிண்டர் வச்சிருக்கிறவங்க எல்லாருமே ஒரு நாள் சிரிஞ்சைக் கையில எடுத்திருப்பீங்க. புது கார்ட்ரிட்ஜ் வாங்குற காசுல பல தடவை நிரப்புற அளவுக்கு இங்க் பாட்டில் கிடைக்கும்போது யார்தான் எடுக்க மாட்டாங்க? இங்க் ஊத்துறது எப்படின்னு சொல்ல வீடியோ ஆயிரம் இருக்கு. ஊத்தின பிறகு ஒழுகினா என்ன செய்யறது, ஏன் ஒழுகுதுன்னு சொல்றவங்கதான் கம்மி. அதைத்தான் இந்தக் கட்டுரையில பார்க்கப் போறோம். கொஞ்சம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸும் வரும், பயப்படாதீங்க. இன்டர்னல்ல விட்ட மார்க்கை இங்கே பிடிச்சிடலாம்.

முதல்ல நான் பண்ணின கூத்தைச் சொல்லிடறேன்.

அந்த ராத்திரி

போன வருஷம் ஆகஸ்ட். குற்றாலத்துல சாரல் விடாம அடிச்சுக்கிட்டிருந்த வாரம். ரூம்ல நாங்க மூணு பேர் காசு போட்டு வாங்கின செகண்ட் ஹேண்ட் பிரிண்டர். மறுநாள் காலையில மினி ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்கணும். கறுப்பு இங்க் தீர்ந்துபோச்சு. பாட்டில் இருக்கு, சிரிஞ்ச் இருக்கு, தைரியமும் இருக்கு.

மேல இருந்த ஸ்டிக்கரைப் பிய்ச்சேன், ஊசியை இறக்கினேன், அமுக்கினேன். கொஞ்சம் இங்க் மேலே பொங்கி வழிஞ்சது. துடைச்சுட்டு, இனிமே ஒழுகவே கூடாதுன்னு மேல்பக்கம் முழுக்க செலோ டேப்பை மூணு சுத்து சுத்தினேன். ஆறு பக்கம் அருமையா வந்துச்சு. ஏழாவது பக்கம் வெளிற ஆரம்பிச்சது. எட்டாவது பக்கத்துல எழுத்தே இல்லை. "இங்க் பத்தலை போல"ன்னு டேப்புக்கு மேலேயே ஊசியைக் குத்தி இன்னும் ரெண்டு மி.லி. ஏத்தினேன். பிரிண்டர்ல மாட்டிட்டு, கொஞ்ச நேரம் ஊறட்டும்னு படுத்துட்டேன்.

மூணு மணிக்கு எழுந்து லைட்டைப் போட்டா, பிரிண்டர் அடியிலிருந்து கறுப்பா ஒரு ஓடை. மேஜை விளிம்பு வரைக்கும் போய், கீழே ஸ்டூல் மேல இருந்த ரூம்மேட்டோட லேப் ரெக்கார்டுல சொட்டு சொட்டா விழுந்துக்கிட்டிருக்கு. முழுக்கக் கையால எழுதின ரெக்கார்டு. சார் கையெழுத்துப் போட்ட பக்கங்களும் அதுல இருந்துச்சு.

அவன் ஒரு வார்த்தை திட்டலை. "சரி விடுடா, ஆளுக்குப் பாதி எழுதுவோம்"னு பேனாவை எடுத்தான். அவன் திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும். கையெழுத்துப் போன பக்கங்களுக்கு அவன் சார்கிட்ட என்ன சொன்னான்னு இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட சொல்லலை.

மறுநாள் கார்ட்ரிட்ஜைப் பாலிதீன் கவர்ல சுத்திக்கிட்டு தென்காசியில ஒரு சின்ன பிரிண்டர் கடைக்குப் போனேன். கடை அண்ணாச்சி அதை வாங்கிப் பார்த்தார். என் மூணு சுத்து டேப்பை உரிச்சார். சிரிச்சுக்கிட்டே கேட்டார்: "தம்பி, ஒருத்தன் மூக்கைப் பொத்திட்டு வாயில தண்ணி ஊத்துனா அவன் குடிப்பானா, துப்புவானா?"

அந்த ஒரு கேள்வியைப் புரிஞ்சுக்கத்தான் இந்தக் கட்டுரை முழுக்க.

உள்ளே என்னதான் இருக்கு?

நம்ம பசங்ககிட்ட அதிகமா இருக்கிறது அச்சுத் தலையோட சேர்ந்தே வர்ற கார்ட்ரிட்ஜ். எச்பி 678, 680, 802, 803, கேனான் பிஜி-745, சிஎல்-746 மாதிரி மாடல்கள் எல்லாம் இந்த ஜாதிதான். பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள ஒரு ஸ்பாஞ்ச். அதுக்கு அடியில நுணுக்கமான ஒரு வடிகட்டி வலை. அதுக்கும் கீழே தலைமுடியை விட மெல்லிசான துளைகள் வரிசையா இருக்கிற நாசில் தட்டு. மேல்மூடியில ஸ்டிக்கருக்கு அடியில துளைகளும், அதிலிருந்து பாம்பு மாதிரி வளைஞ்சு வெளியே போகுற மெல்லிய பள்ளமும் இருக்கும். அதுதான் காத்துத் துளை. கார்ட்ரிட்ஜோட மூக்கு.

அந்த ஸ்பாஞ்ச் எதுக்கு? இங்கைச் சேமிக்க மட்டும்னா வெறும் டப்பாவே போதுமே. அதோட வேலை இங்கைப் பிடிச்சு வைக்கிறது.

ஐந்தருவியில குளிச்சுட்டு வந்து துண்டைப் பிழியாம கொடியில போட்டுப் பாருங்க. முதல்ல தண்ணி கொட்டும். அப்புறம் சொட்டும். அப்புறம் நின்னுடும். துண்டு காஞ்சதனால நிக்கலை. தொட்டா இன்னும் சொதசொதன்னுதான் இருக்கும். நூலுக்கு நூல் இருக்கிற சின்னச் சின்ன இடைவெளிகள் தண்ணியை இழுத்துப் பிடிச்சுக்குது. நுண்புழை விசைன்னு பிளஸ் ஒன் ஃபிசிக்ஸ்ல படிச்சது இதுதான். இப்போ அதே துண்டு மேல ஒரு கப் தண்ணி ஊத்துங்க, உடனே கீழே சொட்டும். துண்டால பிடிக்க முடிஞ்சது அவ்வளவுதான்.

கார்ட்ரிட்ஜ் ஸ்பாஞ்சும் அதே துண்டுதான். அது இங்கை லேசா மேல்நோக்கி இழுத்துக்கிட்டே இருக்கும். அதனால நாசில் பக்கம் அழுத்தம் வெளிக்காத்தை விடக் கொஞ்சம் குறைவாவே இருக்கும். அந்தக் 'கொஞ்சம் குறைவு' இருக்கிற வரைக்கும் இங்க் தானா வெளியே வராது. பிரிண்டர் கூப்பிட்டாத்தான் வரும். கசிவுன்னா அந்தக் குறைவு எங்கேயோ போயிடுச்சுன்னு அர்த்தம். ஓட்டை இருக்கிறதாலதான் கசிவுன்னு நினைச்சீங்கன்னா, நாசில் தட்டுல நூத்துக்கணக்குல ஓட்டை இருக்கே, அதெல்லாம் ஏன் எப்பவும் ஒழுகலை?

கொஞ்சம் கணக்கு

ஒரு நாசிலோட விட்டம் 25 மைக்ரான்னு வச்சுக்குவோம். மாடலுக்கு மாடல் மாறும், கணக்குக்கு இது போதும். தண்ணியோட பரப்பு இழுவிசை 25 டிகிரியில மீட்டருக்கு சுமார் 0.072 நியூட்டன். இங்க்ல அது அதைவிடக் குறைவு, 0.035ன்னு எடுத்துக்குவோம். துளை வாயில இருக்கிற இங்க்கோட வளைவு தாங்குற அழுத்தம் = 2 × பரப்பு இழுவிசை ÷ ஆரம்.

2 × 0.035 ÷ 0.0000125 = 5600 பாஸ்கல். அதாவது கிட்டத்தட்ட 57 செ.மீ. உயரத் தண்ணியைத் தாங்கும். கார்ட்ரிட்ஜோட உயரமே நாலு செ.மீ. சுமார்தான். அப்படின்னா ஸ்பாஞ்சே இல்லைன்னாலும் ஒழுகக் கூடாதே?

இங்கேதான் சூட்சுமம் இருக்கு. அந்த 5600, நாசில் தட்டோட வெளிப்பக்கம் காய்ஞ்சு சுத்தமா இருக்கும்போது மட்டும்தான். லேசா ஒரு தட்டு தட்டியோ, டிஷ்யூ பட்டோ தட்டுல இங்க் பரவிடுச்சுன்னு வைங்க. இப்போ வளைவு துளையோட வாயில இல்லை, வெளியே பரவின சொட்டோட விளிம்புல. அந்தச் சொட்டோட ஆரம் 2 மி.மீ.ன்னா, அதே சூத்திரத்துல 35 பாஸ்கல்தான் வரும். வெறும் மூணரை மி.மீ. தண்ணி உயரம்!

5600 எங்கே, 35 எங்கே? காய்ஞ்ச தட்டு ஒரு அணை. நனைஞ்ச தட்டு திறந்த மதகு. அதனாலதான் ஸ்பாஞ்சோட பிடி இவ்வளவு முக்கியம். நாசில் தட்டைத் துடைச்சுக் காய வைக்கிறதும் அழகுக்காக இல்லை. இந்த ரெண்டும் புரிஞ்சா மீதி எல்லாம் நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க.

கசிவு வகைகளும் வைத்தியமும்

ஒண்ணு: அளவுக்கு மீறி ஊத்தினது. அதிகம் நடக்கிறது இதுதான். ஊத்தின உடனே சொட்டும், மேல் துளையில இங்க் பளபளன்னு தெரியும். நிரம்பி வழியுற ஸ்பாஞ்சுக்கு இழுக்குற சக்தி இல்லை. வைத்தியம்: அதே சிரிஞ்சை அதே துளையில விட்டு, அரை மி.லி. அளவுக்கு மெதுவா உறிஞ்சி எடுங்க. அப்புறம் நாலா மடிச்ச டிஷ்யூ மேல நாசில் தட்டைச் சில வினாடி மட்டும் ஒத்தி எடுங்க. அஞ்சு நிமிஷம் விட்டுப் பாருங்க. இன்னும் சொட்டினா திரும்பவும் அரை மி.லி. சொட்டு நின்ன இடத்துல நிறுத்துங்க.

டிஷ்யூ மேலேயே கார்ட்ரிட்ஜை உட்கார வச்சுட்டுப் போயிடாதீங்க. டிஷ்யூவும் ஒரு ஸ்பாஞ்சுதான். கொடியில போட்ட துண்டோட நுனியை விரலால தொட்டா நின்ன சொட்டு திரும்ப ஆரம்பிக்கும் பாருங்க, அந்த மாதிரி அது பாட்டுக்கு உறிஞ்சிக்கிட்டே இருக்கும். "ராத்திரி முழுக்க ஒழுகுது"ன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் டிஷ்யூ மேல வச்சவங்களாத்தான் இருப்பாங்க.

ரெண்டு: காத்துத் துளையை அடைச்சது. இது என் கதை. காத்து உள்ளே போகலைன்னா இங்க் வெளியே வரவர உள்ளே அழுத்தம் குறைஞ்சுக்கிட்டே போகும். அதனாலதான் ஏழாவது பக்கம் வெளிறிச்சு. இங்க் தீர்ந்ததால இல்லை, மூச்சு முட்டினதால. அது தெரியாம மூடின டப்பாவுக்குள்ள நான் இன்னும் ரெண்டு மி.லி. திணிச்சேன். உள்ளே இருந்த காத்துக்கு வெளியே போக வழி இல்லை. அழுத்தம் ஏறி நாசில் வழியா இங்கைத் தள்ளிடுச்சு. தட்டு நனைஞ்சுது. அப்புறம் என்ன, மதகு திறந்தாச்சு.

இதே அடைப்பு சித்திரை வெயில்ல வேற மாதிரி வேலை காட்டும். உள்ளே 5 மி.லி. காத்து மாட்டியிருக்குன்னு வைங்க. 25 டிகிரி ரூம்ல இருந்து எடுத்து பைக் பெட்டியில போட்டு வெயில்ல நிறுத்தினீங்க, 45 டிகிரி ஆச்சு. 298 கெல்வின்ல 20 டிகிரி ஏறினா காத்து ஏறக்குறைய 6.7 சதவீதம் விரியும். அதாவது 0.33 மி.லி. 20 சொட்டு ஒரு மி.லி.ன்னு எடுத்தா, ஆறேழு சொட்டு இங்க் பைக்குள்ள. துளை திறந்திருந்தா அந்தக் காத்து சத்தமில்லாம மேல போயிருக்கும்.

வைத்தியம்: டேப்பை எடுங்க. பழைய ஸ்டிக்கர் நல்லா இருந்தா அதையே ஒட்டுங்க, ஆனா பாம்புப் பள்ளத்தோட கடைசி முனை வெளியே தெரியணும். ஸ்டிக்கர் கிழிஞ்சிருந்தா டேப் ஒட்டி, துளைக்கு நேரா குண்டூசியால ஒரு குத்து. தூசி போகாது, இங்க் சீக்கிரம் காயாது, மூச்சும் விடும்.

மூணு: தட்டு நனைஞ்சே இருக்கிறது. அளவாத்தான் ஊத்தினோம், துளையும் திறந்திருக்கு, ஆனாலும் தட்டுல ஈரம் போகலை. பெரும்பாலும் ஒரு முடியோ, டிஷ்யூ நாரோ தட்டுல ஒட்டியிருக்கும். அந்த நார் ஒரு திரி. விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி இங்கை இழுக்கும். நார் உதிராத துணியை டிஸ்டில்டு வாட்டர்ல லேசா நனைச்சு, ஒரே திசையில ஒரே இழுப்பா துடைங்க. முன்னும் பின்னும் தேய்க்க வேண்டாம். பிரிண்டர் உள்ளே கார்ட்ரிட்ஜ் ஓய்வெடுக்கிற ஓரத்துல ஒரு ரப்பர் தொப்பி இருக்கும்; அதுலயும் முடி, காய்ஞ்ச இங்க் கட்டி இருக்கான்னு பாருங்க.

நாலு: கலர் கார்ட்ரிட்ஜ்ல நிறம் கலக்கிறது. சொட்டு விழாது, ஆனா மஞ்சள் பச்சையாகும், சிவப்பு கருக்கும். இதுவும் கசிவுதான், உள்ளுக்குள்ள நடக்கிற கசிவு. ஒரு அறை நிரம்பி மூடிக்கு அடியில வழிஞ்சு பக்கத்து அறைக்குப் போயிருக்கும். இல்லைன்னா நாசில் தட்டு மேல டேப் ஒட்டி வச்சிருப்பீங்க. டேப்புக்கு அடியில மூணு நிறமும் கைகோத்துக்கும். மாட்டிக்கிறது எப்பவும் மஞ்சள்தான், ஏன்னா அது வெளிர் நிறம், கலப்படம் உடனே தெரியும். மேல்பக்கத்தைத் துடைச்சுட்டு, மஞ்சளை மட்டும் நிரப்பின பக்கம் ஒண்ணு ரெண்டு பிரிண்ட் எடுங்க. கலந்தது கொஞ்சம்னா தெளிஞ்சிடும். டிஷ்யூல ஒத்தினா மூணு நிறமும் தனித்தனிப் பட்டையா வரணும், அதுதான் தேர்வு.

அஞ்சு: ரெண்டு அறை உள்ள டேங்க். இங்கேதான் ரொம்பப் பேர் குழம்புறாங்க, ஏன்னா விதி தலைகீழ். கேனான் பிஜிஐ-5, சிஎல்ஐ-8 மாதிரி டேங்குகள்ல ஒரு பாதி ஸ்பாஞ்ச், மறு பாதி வெறும் இங்க். அச்சுத் தலை பிரிண்டர்ல தனியா இருக்கும். இதை வாட்டர் கேன் மாதிரி நினைச்சுக்கோங்க. டிஸ்பென்சர் மேல கவிழ்த்து வச்ச கேன் ஏன் கொட்டித் தீர்க்கலை? மேலே காத்து போக வழி இல்லாததால. அந்தக் கேன் மேல ஆணியால ஒரு குத்து குத்தினா தரையெல்லாம் தண்ணி. அதே மாதிரி, வெறும் இங்க் இருக்கிற அறையில நீங்க போட்ட துளையைக் காத்துப் புகாம அடைக்கணும். சிலிக்கான் ரப்பர் மூடியோ ஹாட் க்ளூவோ போதும். ஸ்பாஞ்ச் பக்கத்துக் காத்துத் துளையை மட்டும் திறந்தே விடணும். அடைச்ச பிறகு சில சொட்டு வந்து நின்னா சரி. நிக்காம வந்தா அடைப்புல காத்துப் புகுதுன்னு அர்த்தம்.

ஆகவே டேப்பைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: இது துண்டா, வாட்டர் கேனா?

சரி, எப்படி ஊத்தினா ஒழுகாது?

கீழே இருக்கிறது துண்டு வகைக்கு, அதாவது முழுக்க ஸ்பாஞ்ச் இருக்கிற கார்ட்ரிட்ஜுக்கு.

1. கார்ட்ரிட்ஜ் முழுசா காயுற வரைக்கும் காத்திருக்காதீங்க. எழுத்து வெளிற ஆரம்பிச்ச உடனே நிரப்புங்க. காய்ஞ்ச ஸ்பாஞ்ச் இங்கைச் சீராக் குடிக்காது, நடுவுல காத்துக் குமிழி மாட்டும். அதுவும் போக, இந்த வகையில இங்கைச் சூடாக்கித்தான் சொட்டை எறியுறாங்க. இங்க் இல்லாம ஓடினா சூடு ஏறி நாசிலே போயிடும்.

2. சரியான இங்க் வாங்குங்க. இந்த மாடல்கள்ல கறுப்பு பெரும்பாலும் பிக்மென்ட், கலர் டை. ரெண்டையும் மாத்தி ஊத்தினா கட்டி தட்டி அடைக்கும். சென்னை ரிச்சி தெருவா இருந்தாலும் தென்காசிக் கடையா இருந்தாலும், மாடல் நம்பரைச் சொல்லிக் கேளுங்க.

3. கலர்னா, எந்தத் துளையில எந்த நிறம்னு முதல்ல பாருங்க. ஒவ்வொரு துளைக்கும் ஒரு புது பல்குச்சி விட்டு, வெள்ளை டிஷ்யூல ஒத்தினா தெரிஞ்சிடும். வரிசை மாடலுக்கு மாடல் மாறும், நினைவை நம்பாதீங்க.

4. பெட்டியிலயோ லேபிள்லயோ எத்தனை மி.லி.ன்னு போட்டிருக்கும். அதுல முக்கால் பங்குக்கு மேல போகாதீங்க. உள்ளே பழைய இங்க் மிச்சம் இருக்கு, மறக்காதீங்க.

5. ஊசியை ஸ்பாஞ்ச் நடுவு வரைக்கும் இறக்குங்க. அடி வரைக்கும் குத்தினா வடிகட்டி வலை கிழியும். ஒரு மி.லி.க்கு ஒரு நிமிஷம்னு மெதுவா அமுக்குங்க. வேகமா அமுக்கினா இங்க் ஊறாம பக்கவாட்டுல ஓடி மேலே பொங்கும். துளையில இங்க் மினுமினுத்தா நிறுத்தி, கொஞ்சம் திரும்ப உறிஞ்சிடுங்க.

6. ஊத்தும்போது எல்லாத் துளையும் திறந்திருக்கணும். இதுதான் அண்ணாச்சி சொன்ன மூக்கு.

7. ஸ்டிக்கரை ஒட்டி, நாசில் எதிலும் படாம ஒரு கிண்ணத்துல அரை மணி நேரம் விடுங்க. கிண்ணத்துல சொட்டு இல்லைன்னா, தட்டை ஒரு தடவை ஒத்தி எடுத்து மாட்டுங்க. சொட்டு இருந்தா மாட்டாதீங்க. மேலே 'ஒண்ணு'ல சொன்னதைச் செய்யுங்க.

அந்த அரை மணி நேரம்தான் நான் கொடுக்காதது. பிரிண்டருக்குள்ளே மாட்டிட்டு அங்கேயே ஊறட்டும்னு விட்டேன். கிண்ணத்துல விழ வேண்டிய சொட்டு ரெக்கார்டுல விழுந்துச்சு.

பிரிண்டர் உள்ளேயே ஒழுகிடுச்சா?

முதல் வேலை, பிளக்கைப் பிடுங்குங்க. ஸ்விட்சை அணைச்சா மட்டும் போதாது. கார்ட்ரிட்ஜை எடுத்துட்டு டிஷ்யூவால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. கார்ட்ரிட்ஜ்லயும் அது உட்காருற இடத்துலயும் செம்பு நிறத்துல மின் தொடர்புப் புள்ளிகள் இருக்கும். அங்கே இங்க் இருந்தா ஷார்ட் ஆகும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால துடைச்சு, முழுசா காயவிட்டு மாட்டுங்க. கார்ட்ரிட்ஜ் தொட்டில் ஓடுற பாதைக்குப் பின்னாடி கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய பட்டை இருக்கும். தலை எங்கே நிக்குதுன்னு பிரிண்டர் அதைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்குது. அதுல இங்க் பட்டா தொட்டில் திக்குமுக்காடி நிக்கும். லேசா ஈரத்துணி, மென்மையா ஒரு துடைப்பு.

அழுக்கு டிஷ்யூ, மிச்ச இங்க் எல்லாத்தையும் பேப்பர்ல சுத்திக் குப்பையில போடுங்க. வாய்க்கால்ல கழுவி விடாதீங்க. நம்ம ஊர் வாய்க்கால் தண்ணி சிற்றாறோட சேர்ந்து எத்தனை வயலுக்குப் போகுதுன்னு உங்களுக்கே தெரியும்.

சாரல் கிளப்புற பொய்ப் புகார்

ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் நம்ம பக்கம் வர்ற ஒரு புகார்: "ஒழுகலை, ஆனா எழுத்து எல்லாம் பரவுது." இது கார்ட்ரிட்ஜ் குத்தம் இல்லை. பேப்பர் சாரல் ஈரத்தைக் குடிச்சிருக்கு. சோதனை ரொம்ப சுலபம். புதுசாப் பிரிச்ச கட்டுல ஒரு தாள், மேஜையில ஒரு வாரமா கிடக்கிற தாள், ரெண்டுலயும் ஒரே பக்கத்தை எடுங்க. புதுத்தாள்ல எழுத்து தெளிவா இருந்தா கார்ட்ரிட்ஜை விட்டுடுங்க, பேப்பரைக் கவர்ல போட்டு வைங்க. உண்மையான கசிவுன்னா கறை உருண்டையா, கண்ட இடத்துல விழும். ஈரப் பேப்பர்னா எழுத்தோட ஓரம் மட்டும் நார் நாரா விரியும்.

கலர் பிரிண்டை எடுத்துக்கிட்டு மழையில காலேஜ் வர்றவங்க அதையும் பிளாஸ்டிக் ஃபைல்ல போடுங்க. டை இங்க் தண்ணி பட்டா கரையும்.

எப்போ விட்டுடணும்?

எல்லா கார்ட்ரிட்ஜும் பிழைக்காது. நாசில் தட்டு ஓரம் தூக்கியிருந்தா, பிளாஸ்டிக்ல விரிசல் இருந்தா, மூணு தடவை உறிஞ்சி எடுத்தும் சொட்டு நிக்கலைன்னா, அது போதும்னு சொல்லுது. மாத்திடுங்க. நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் பிரிண்டரை இழக்க வேண்டாம். நாளைக்கு சப்மிஷன்னா இன்னிக்கு ராத்திரி ரீஃபில் பண்ணாதீங்க, இதுவும் அனுபவம்தான். ரீஃபில் பண்ணின பிறகும் "இங்க் குறைவு"ன்னு ஸ்கிரீன்ல வந்துக்கிட்டே இருந்தா பயந்து மறுபடி ஊத்தாதீங்க. பல மாடல்கள் எத்தனை சொட்டு போச்சுன்னு எண்ணிக் கணக்கு வைக்குமே தவிர, நீங்க ஊத்தினது அதுக்குத் தெரியாது. அந்தச் செய்தியை நம்பி ஊத்தினா மறுபடி வகை ஒண்ணுதான்.

முடிக்கிறதுக்கு முன்னாடி

இந்த வகை பிரிண்டர் பிறந்த கதையே ஒரு சிரிஞ்ச்சுல இருந்துதான். 1977ல ஜப்பான்ல கேனான் ஆய்வுக்கூடத்துல இச்சிரோ எண்டோ வேலை பார்த்துக்கிட்டிருந்தார். இங்க் நிரப்பின சிரிஞ்ச்சோட ஊசி மேல சூடான சோல்டரிங் அயர்ன் தவறுதலா பட்டுச்சு. ஊசி நுனியிலிருந்து இங்க் பீறிட்டுச்சு. சூடு, குமிழி, அழுத்தம், சொட்டு. கேனான் அதுக்கு 'பபிள் ஜெட்'னு பேர் வச்சது. ஏறக்குறைய அதே காலத்துல அமெரிக்காவுல எச்பியும் தனியா அதே யோசனைக்கு வந்து, 1984ல திங்க்ஜெட் பிரிண்டரைக் கொண்டுவந்தது. நம்ம மாதிரி ஆட்கள் விடாம ஊத்திக்கிட்டே இருந்ததாலயோ என்னவோ, எப்சன் 2010ல இந்தோனேஷியாவுல பாட்டில்ல இருந்து நேரா ஊத்துற டேங்க் பிரிண்டரையே விக்க ஆரம்பிச்சது. இப்போ புதுசா வாங்குறவங்க பலர் அதைத்தான் வாங்குறாங்க. ஆனா மூணு பேர் காசு போட்டு செகண்ட் ஹேண்ட் வாங்குற வரைக்கும் சிரிஞ்ச்சுக்கு வேலை இருக்கும்.

எண்டோ கதையில எனக்குப் பிடிச்சது ஒண்ணு. இங்க் தெறிச்சப்போ அதைத் துடைச்சுட்டுப் போயிடலை. ஏன் தெறிச்சுதுன்னு கேட்டாங்க. என் மேஜையில தெறிச்சப்போ நான் முதல்ல தேடினது இன்னொரு சுத்து டேப்.

ரூம்மேட்டோட அந்த ரெக்கார்டு இன்னும் எங்க அலமாரியில இருக்கு. கறை பட்ட பக்கங்களை அவன் தூக்கிப் போடலை. இப்போ ரூம்ல ரீஃபில் பண்றது அவன்தான். நான் கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் சொட்டு எண்ணுவேன். இதுவரைக்கும் ஒரு சொட்டும் மேஜைக்கு வரலை.